யாருடைய காடு?

காடு இன்று கலைஞர்களின் கருப்பொருளாகிவிட்டது. 2024 ஜனவரியில் கொழும்பில் நடைபெற்ற 'கொழும்புஸ்கோப்' கலைவிழா 'காட்டின் வழி' என்பதையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. மாறிவரும் தாவர உலகைச் சித்திரமாகவும் நிழற்படமாகவும் உலர்ந்த இலைகளாகவும் காட்சிக்கு வைக்கும் முயற்சிகள் இங்கும் அயல்நாடுகளிலும் பெருகி வருகின்றன. இவற்றைப் பழிக்க நாம் வரவில்லை. பூவையும் நிலவையும் தீட்டி அலுத்த கலையுலகம், இலை ஏன் வாடுகிறது என்று கேட்கத் தொடங்கியது நல்லதே. ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பின் மரஞ்செடிகளைப் பொருளாகக் கொள்ளும் எந்தக் காட்சியின் முன்னும் நாம் வைக்கும் கேள்வி ஒன்றுண்டு: அங்கே இலை மாத்திரம் தெரிகிறதா, காணியும் தெரிகிறதா?

'மனிதன் இயற்கையை அழித்தான்' என்பது இத்தகைய காட்சிகளுக்கு மிகவும் பிடித்த வாசகம். எந்த மனிதன்? பாலைப்பழம் பொறுக்கியவனா, முதிரையையும் கருங்காலியையும் கப்பலேற்றியவனா? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியன என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவன், தன் உரிமையைத் தானே நிரூபிக்க வேண்டியவனானான். இவனையும் அச்சட்டத்தை இயற்றியவனையும் 'மனிதன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது கலையன்று. கணக்கை மறைக்கும் தந்திரம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2009இல் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி மெனிக் பாம் முகாம் எழுப்பப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அம்முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயரிட்டவர்கள், ஒரு பிரிவுக்கு ஆனந்த குமாரசுவாமி என்றும் பெயர் வைத்தார்கள். கீழைத்தேயக் கலையின் பெருமையை மேற்குலகுக்கு எடுத்துரைத்த அந்த அறிஞரின் பெயர், தறப்பாள் கொட்டில்களுக்கு முகவரியாயிற்று! 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அங்கு வெட்டுண்ட மரங்களுக்கு எந்தக் கலைஞர் அஞ்சலி செலுத்தினாலும், அம்மரங்கள் யாரை அடைத்து வைப்பதற்காக வெட்டப்பட்டன என்று அவர் சொல்லியாக வேண்டும்.

அந்த மக்கள் ஊர் திரும்பியபோது கண்டதென்ன? குண்டுபட்டுத் தலையிழந்து நின்ற பனைகள். நீரின்றிப் பட்டுப்போன தென்னைகள். கிணற்றையும் அத்திவாரத்தையும் மூடி வளர்ந்த பற்றைக்காடு. உழுத நிலத்தில் மரம் முளைத்து, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஓவியக் கண்ணுக்கு இது இயற்கையின் மீட்சி. ஆனால் அந்த மரத்தைச் சாட்சியாக நிறுத்தி, 'இது காடு' என்று வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டும்போது, மீட்சி என்ற சொல் யாருக்குப் பயன்படுகிறது? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற அனுமதிப்பத்திரத்தை ஓட்டத்தில் தொலைத்த கமக்காரனிடம் மறுசாட்சி எங்கே இருக்கிறது? பற்றைக்குள் மறைந்த கிணறுதான் அவனுடைய சாட்சி. பச்சையை மட்டும் தீட்டிக் கிணற்றை விட்டுவிடும் ஓவியன், தான் அறியாமலே கல் நாட்டியவன் பக்கம் நிற்கிறான்.

பார்த்தீனியத்தின் கதையும் இதே வகையானது. மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துக் களை அது. அமெரிக்கக் கோதுமையோடு இந்தியாவுக்கு வந்ததென்பர். 1950களின் நடுப்பகுதியில் பூனாவில் இனங்காணப்பட்டது. இலங்கையில் அது முதலில் வேரூன்றிய பிரதேசம் வவுனியா. 1987இல் வந்த இந்தியப் படையினருக்கு உணவாக இறக்கப்பட்ட ஆடுகளோடு விதையும் வந்ததென்று தாவரவியலாளர் கருதுகின்றனர். படை 1990இல் திரும்பிற்று, களை திரும்பவில்லை. ஒரு செடியே பல்லாயிரம் விதை விடுகிறது. தோட்டத்தில் அதைப் பிடுங்கும் பெண்களுக்குத் தோல் அரிப்பும் மூச்சிழுப்பும் மிச்சம். வெள்ளைப் பொட்டுப் பொட்டாய்ப் பூக்கும் அதனைக் கண்ணாடிச் சட்டத்துள் வைத்து, 'அந்நியத் தாவரம்' என்று மட்டும் எழுதினால் போதுமா? தானியக் கப்பலையும் படைக்கப்பலையும் அந்தக் குறிப்பில் எழுதக் கூடாதென்று யார் தடுத்தது?

சில வேளை தடுக்கத்தான் செய்கிறார்கள். கார்த்திகைப்பூ மாரியில் வேலியோரம் தானாகப் படர்ந்து பூப்பது. தமிழ்நாட்டில் அதுவே செங்காந்தள் என்ற பெயரில் அரச மலர். இங்கோ, விடுதலைப் புலிகள் அதைத் தம் சின்னமாக்கிய ஒரே காரணத்தால், 2024இல் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் இல்ல அலங்காரமாக அப்பூ வடிவத்தை அமைத்ததற்குப் பொலிஸார் விசாரணை நடத்தினர். வாசிக்கும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூவை வரைந்த பிள்ளை வாக்குமூலம் கொடுக்கும் நாட்டில், தாவரம் அரசியலுக்கு அப்பாற்பட்டதென்று பேசுகிற கலா ரசிகரைக் கண்டு நாம் வியக்கிறோம்.

'அப்படியானால் காட்டை வெட்டலாமா?' என்று நம்மை மடக்க வருவோர் உண்டு. வெட்டக் கூடாது. இரவோடிரவாக முதிரையும் பாலையும் லொறியில் ஏறுவதை முதலில் எதிர்ப்பவர்கள் காட்டோரக் கிராமத்தவர்களே. காடு கரைந்தால் குளத்துக்கு நீர் வராதென்று அவர்களுக்குத் தெரியும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது வீடிழந்தவர்களும் அவர்கள்தாம். காட்டைக் காப்பதில் அவர்களைப் பங்காளிகளாக்குவதை விட்டு, அத்துமீறியவர்களாக்கி வழக்குத் தொடுப்பதையே நாம் எதிர்க்கிறோம்.

கலைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் திரட்டி, 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. ஆள்வோரின் ஏட்டுப் பெயரை இழந்தோர் கையில் கொடுத்தது அந்த நூல். வீட்டுக்குச் செய்ததை வளவுக்கும் வயலுக்கும் செய்யலாம். எந்த மூலையில் விளா நின்றது, எந்த மருதமரத்தடியில் ஆற்றில் இறங்கினார்கள், இன்று அவ்விடத்தில் எது முளைத்திருக்கிறது, கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் மாணவர் தம் ஊர் முதியோரைக் கேட்டு வரையட்டும். தாவரவியல் ஆசிரியர் பெயரும் இனமும் சரிபார்க்கட்டும். வரலாற்று ஆசிரியர் ஆண்டைச் சரிபார்க்கட்டும். அப்படங்கள் முதலில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள பாடசாலை மண்டபங்களில் தொங்கட்டும். பிரதேச செயலாளரையும் வனவள அதிகாரியையும் அழைத்து வந்து, காணிக்காரர்களின் முன்னிலையில் ஒவ்வொரு படமாகப் பார்க்கச் செய்வோம். கொழும்புக்கு அவை பிறகு போகலாம்.