குடும்பம் என்று சொன்னால் உஷாராகுங்கள்

ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு பயிற்சி முகாமின் வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்து இருந்தது. வந்தவர்கள் பதினேழு பேர்; சாப்பாட்டு டோக்கன் கொடுத்தவன் நான்தான். இயக்குநரிடம் கேட்டேன். "தம்பி, இது நம்ம குடும்பம். குடும்ப விஷயத்தைத் தெருவுல பேசுவாங்களா?" என்றார். மூன்று மாதத்தில் "புராஜெக்ட் முடிஞ்சிருச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். அதே புராஜெக்ட், அதே நாற்காலி, வேறு பையன்.

நான் எங்கே போயிருக்க முடியும்? தேடிப் பார்த்தேன்.

நெடுஞ்சாலைத் திட்ட ஊழலைப் பற்றி எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கோரிக்கையால் 2014இல் ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பத்தாண்டு கடந்தும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்குத்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் புகார் சொல்ல வழியும் சொன்னவருக்குப் பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்கிறது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவான அமைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சரி, தொழிலாளர் சட்டம்? 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தொழில்' என்பதை விரிவாக வரையறுத்தது. தொண்டு அமைப்புகள் பலவும் அதற்குள் வந்தன. 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ அறப்பணி, சமூகப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. அதாவது, நான் பார்த்தது வேலையே இல்லையாம்!

"இப்படிச் சட்டம் வந்தா அரசாங்கம் அதை வச்சே எங்களை நசுக்கும்" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. வெளிநாட்டு நிதி உரிமங்கள் ரத்தானதை நாம் பார்க்காமல் இல்லை. ஆனால் நான் கேட்பது அரசுக்கு இன்னொரு சாட்டையை அல்ல, ஊழியருக்கு ஒரு கதவை.

அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. பத்துப் பேர் வேலை பார்த்தால் உள்புகார்க் குழு கட்டாயம். அதில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். அதனால் சேவை ஒன்றும் செத்துப்போகவில்லை. கம்பெனிகளின் குழுக்களில் அந்த வெளியாளாகப் போய் உட்காருபவர்களில் பலர் நம் தொண்டு நிறுவனக்காரர்கள்தான். ஊரான் வீட்டுக்கு நியாயம் சொல்லத் தெரிந்தவர்களுக்குச் சொந்த வீட்டில் மட்டும் ஏன் கசக்கிறது?

பணமுறைகேட்டுக்கும் அதே மாதிரி ஒரு குழு வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வேண்டும். ஃபெல்லோஷிப், கன்சல்டன்ட் என்று எந்தப் பெயரில் எடுத்திருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்து.

நீங்கள் இப்போது அப்படியொரு இடத்தில் இருந்தால் இன்றே உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். யாரிடம் புகார் சொல்லலாம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். நான் தனியாகப் போய்க் கேட்டவன்.