பழைய துப்பாக்கி வாங்குவோர் கவனத்திற்கு

நிலம் வாங்கும் மிராசுதார் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. மாடு வாங்குகிறவர் பல்லையும் சுழியையும் பார்த்த பிறகே விலை பேசுகிறார். பயிர்க் காவலுக்கென்று பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கும்போது மாத்திரம், குழல் துருவேறியிருக்கிறதா, விசை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதோடு அநேகர் திருப்தியடைந்து விடுகின்றனர். அது யாருடைய துப்பாக்கி என்று கேட்பவர் சிலரே.

திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது. பொருளும் போய்ப் பணமும் போகும். திருட்டென்று நம்பக் காரணமிருந்தும் வாங்கியிருந்தால், 2023-ம் வருஷத்திய பாரதீய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவின்படி குற்றமுமாகும்.

துப்பாக்கியில் பொறித்துள்ள செய்தவர் பெயரையும் நம்பரையும், விற்பவருடைய லைசென்ஸில் கண்டவற்றோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்க்கவேண்டும். நம்பர் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாயினும் தொடலாகாது. 1959-ம் வருஷத்திய ஆயுதச் சட்டம் அதன் விற்பனையைத் தடுப்பதோடு, வேறுவிதமாக ருசுவாகும் வரையில், கையில் வைத்திருப்பவரே அதைத் தேய்த்தவர் என்றும் அனுமானிக்கிறது.

லைசென்ஸுள்ள ஒருவர் தமது துப்பாக்கியை லைசென்ஸுள்ள மற்றொருவருக்கு விற்க விரும்பினால், வாங்குபவரின் பெயர் விலாசத்துடன் ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கேனும் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கேனும் எழுதித் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே கொடுக்கலாம். இதை வீண் தாமதமென்று குறை கூறுவோர் பலர். உண்மையில் இக்கெடு வாங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அறிவிப்பின் நகலை ஒப்புகையுடன் கேட்டு வாங்கி, தாமே ஸ்டேஷனுக்குச் சென்று, அந்த நம்பருள்ள துப்பாக்கி காணாமற்போனதாகப் புகார் உண்டா என்று விசாரிக்க அவகாசம் தாராளமாக இருக்கிறது. விசாரணை முடியுமுன் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கவேண்டியதில்லை. அவசரப்படுத்துகிற விற்பனையாளரைச் சந்தேகிப்பதே உசிதம். (லைசென்ஸ் இருப்பதனாலேயே காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது என்பது வேறு விஷயம்.)

திருட்டல்லாத தொல்லையும் ஒன்றுண்டு. லைசென்ஸ்தாரர் காலமான பின் துப்பாக்கி பரண்மேல் கிடக்கும். செலவு நெருக்கும்போது வாரிசுகள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட முயல்வார்கள். பெரியவருடைய பழைய லைசென்ஸைக் காட்டுவதால் அவர்களுக்கு விற்கும் அதிகாரம் ஏற்படாது. தாமதமின்றி அத்துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலேனும் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமேனும் ஒப்படைக்கவேண்டும். பின்னர், குறித்த கெடுவுக்குள், தாங்களே லைசென்ஸ் பெற்றுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேண்டாமெனில் உரிமையுள்ள ஒருவருக்கு விற்கும்படி செய்யலாம். இம்முறையை அறியாத குடும்பங்களே பெரும்பாலானவை. இறப்பைக் கேள்வியுறும் கிராம அதிகாரி, துக்கம் விசாரிக்கும்போதே துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.