சாப்பிட்டால் மட்டும் போதுமா?

நாலு வருஷத்துக்கு முன் என் சின்ன நாத்தனாருக்குக் குடல் காசநோய் வந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். நன்றாகத் தேறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கும் போனாள். போன வருஷம் ஓயாத அசதி, நாக்கில் புண், பாதத்தில் மரமரப்பு. 'ஒழுங்கா சாப்பிட்டாத்தானே!' என்று நான் உள்பட எல்லோரும் திட்டினோம். கீரை, முட்டை, டானிக் எதுவும் பலிக்கவில்லை.

வேறொரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: "பி12 வைட்டமினை உறிஞ்சுவதே எடுத்துவிட்ட அந்தப் பகுதிதாம்மா. கல்லீரலில் இருக்கிற சேமிப்பு சில வருஷம் தாங்கும். அப்புறம் ஊசிதான்." 1960-களில் வேலூர்ப் பக்கக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற குடல்நோய் பரவியபோதும், பலருக்குச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போனதாம்.

ஊசி போட்டதும் அசதி போய்விட்டது. கால் மரமரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே இதை ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்கக் கூடாதா?

தோழிகளே! குடல் ஆபரேஷன் ஆனவர்களும், நாள்பட்ட பேதி உள்ளவர்களும் பி12 ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். சோர்ந்து உட்காருகிறவளைத் திட்டுவது அப்புறம் இருக்கட்டும்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்.