டுபாயா டோஹாவா என்று கேட்கும் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாக வாசித்துவிட்டு ஏசுங்கள், பரவாயில்லை.

பெருநாள் லீவுக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன விவாதம் மட்டும் ஊரில் இன்னும் கிடக்கிறது. தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல் வாசல், கலியாண வீடு, எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஒரே கேள்விதான். "டுபாய் நல்லமா, டோஹா நல்லமா?"

ஒரு கட்சி சொல்கிறது: "டுபாயில காசு புரளுது. ஆனா மார்க்கம் இல்ல. டோஹாதான் நமக்குச் சரி." மற்றக் கட்சி சொல்கிறது: "டோஹாவில என்ன கிடக்கு? டுபாய்க்குப் போனவன்தான் மேல வந்தான்."

இதைச் சும்மா பேச்சு என்று நாங்களும் விட்டிருப்போம். ஆனால் போன கிழமை சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த ஒரு பிள்ளை, உயர்தர வகுப்பில் சேராமல், கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டான். "சேர், டுபாயா டோஹாவா?" அவனுடைய உம்மாவின் நகை ஏற்கனவே அடகுக்குப் போய்விட்டது. ஊர் பிரித்து மேயும் கேள்விக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கை விலையாகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்போம். நாம் எந்தக் கண்ணால் இந்த இரண்டு ஊரையும் பார்க்கிறோம்? போன் கண்ணால். புர்ஜ் கலீபாவுக்கு முன்னால் எடுத்த படம், டோஹா கோர்னிஷில் கடலைப் பார்த்து எடுத்த வீடியோ. அது சுற்றுலா வந்தவனின் கண். நம் பிள்ளைகள் அங்கே சுற்றுலாவுக்குப் போவதில்லை.

சுற்றிப் பார்ப்பது பற்றியே கேட்டால் பதில் சுலபம். இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். டுபாயில் 828 மீற்றர் உயரக் கட்டடம் 2010 இல் திறந்தது. அதைக் கீழே நின்று பார்க்கக் காசு இல்லை, மேலே ஏறத்தான் காசு. எங்களைக் கேட்டால் டேராவுக்கும் பர் டுபாய்க்கும் நடுவே ஓடும் சின்னப் படகில் ஒரு திர்ஹம் கொடுத்துக் கடந்து பாருங்கள் என்போம். எண்ணெய் கிடைக்கும் முன்னர் அந்த ஊர் வாழ்ந்தது அந்தக் கழிமுகத்தால்தான்.

டோஹாவில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2008 இல் திறந்தது. அதை வடிவமைத்த ஐ.எம். பெய் எண்பது வயது தாண்டிய நிலையில், முஸ்லிம் கட்டடக்கலையின் உயிரைத் தேடிப் பல நாடுகள் அலைந்தார். கடைசியில் கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசல் முற்றத்தில் இருக்கும் வுழூச் செய்யும் மண்டபத்தில்தான் அவருக்கு அது கிடைத்தது. சூக் வாகிபில் காசில்லாமல் நடக்கலாம். மெட்ரோவில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 றியால். டுபாய் மெட்ரோவில் தூரத்தைப் பொறுத்து 3 திர்ஹமிலிருந்து ஏழரை வரை போகும். ஆரவாரம் வேண்டுமானால் டுபாய், அமைதி வேண்டுமானால் டோஹா. நாலு நாள் பயணத்துக்கு இந்தப் பதில் போதும்.

நாலு வருசத்துக்கு இது போதாது.

அங்கே வாழப்போகிறவனுக்கு அருங்காட்சியகம் இருக்கும் டோஹா தெரியாது, இண்டஸ்ட்ரியல் ஏரியா இருக்கும் டோஹாதான் தெரியும். புர்ஜ் கலீபா இருக்கும் டுபாய் தெரியாது, சோனாப்பூர் கேம்ப் இருக்கும் டுபாய்தான் தெரியும். சோனாப்பூர் என்றால் ஹிந்தியில் பொன்னூர். பஸ்ஸில் விடிய முன்னம் ஏற்றி, இருட்டிய பிறகு இறக்கும் ஊருக்கு அந்தப் பெயர்.

சரி, வேலைக்குப் போகிறவனின் கண்ணாலேயே இரண்டையும் ஒப்பிடுவோம்.

ஆகக் குறைந்த சம்பளம். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து சட்டப்படி ஒரு அடித்தளம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1000 றியால். தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300. மொத்தம் 1800. எந்த நாட்டவனுக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் அது பொருந்தும். டுபாயில் தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவனுக்கு அப்படி ஒரு குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சம்பளம்.

வெயில். இரண்டு இடத்திலும் கோடையில் 40 பாகையைத் தாண்டும். கட்டாரில் ஜூன் 1 இலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 இலிருந்து செப்டெம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை மட்டும்தான் அந்தத் தடை. வெயிலில் நிற்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

வேலை மாறுவது. கட்டாரில் முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று 2020 இல் சட்டம் வந்தது. எழுத்தில் வந்தது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று அங்கே இருக்கும் உங்கள் மச்சானிடமே கேட்டுப் பாருங்கள். டுபாயின் பலம் வேறு. அங்கே கம்பனிகள் கூட, துறைகள் கூட. கணக்கு, ஹோட்டல், கணினி, விற்பனை என்று கையில் ஒரு தகுதி இருப்பவனுக்கு ஏறிப் போகப் படிகள் உண்டு. தகுதி இல்லாதவனுக்கு அதே ஊர் பெட் ஸ்பேஸ் வாடகையிலேயே பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

குடும்பம். "பிறகு குடும்பத்தையும் கூப்பிடலாம்" என்று சொல்லித்தானே பெண் கேட்கிறார்கள்? இப்போதைய விதிப்படி டுபாயில் குடும்பத்தை வைத்திருக்க 4000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3000 உடன் தங்குமிடம். கட்டாரில் தனியார் துறையில் 10,000 றியால், அல்லது 6000 உடன் கம்பனி தரும் குடும்ப வீடு. 1800 க்கு விசா அடிப்பவனிடம் குடும்ப விசா பற்றிப் பேசுவது அவனுக்கும் பொய், அவனுக்குப் பேசிய பிள்ளைக்கும் பொய். 4000 திர்ஹம் எடுப்பவனும் டுபாய் வாடகைக்கு முன்னால் எவ்வளவு தூரம் தாங்குவான் என்று யோசியுங்கள்.

இனி மார்க்கம். இதைத்தான் ஊரில் ஆகப் பெரிய சத்தத்தோடு சொல்கிறார்கள். டோஹா மார்க்கமான ஊர், டுபாய் கெட்டுப்போன ஊர். பாங்கு இரண்டு ஊரிலும் கேட்கிறது. பள்ளிவாசல் இரண்டிலும் நிறைய. கெட்டுப்போக நினைத்தவன் நம்மூரிலேயே கெட்டுப்போகிறான், அதற்கு விமானச் சீட்டுத் தேவையில்லை. நாம் கேட்பது இதுதான்: தொழிலாளியின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம் மார்க்கம்? அப்படியானால் ஒரு ஊரின் மார்க்கத்தை அங்கே என்ன விற்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் அளந்தால் எப்படி? மாசம் முடிந்து கூலி கையில் கிடைக்கிறதா என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? டோஹாவில் முஷைரிப் பகுதியில் அடிமை வியாபாரத்தின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை 2015 இல் திறந்தார்கள். அவர்கள் தங்கள் கடந்த காலத்தைப் பார்க்கத் துணிந்திருக்கிறார்கள். நாமோ நம் பிள்ளையின் ஒப்பந்தத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஒப்பந்தம் என்றதும் நினைவு வருகிறது. எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. எந்த ஊர், எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டோம். மாசம் 2000 என்று வாயால் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். 2000 கிடைத்தது, பொய் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 1000, மீதி 1000 "படிகள்". அது அவனுக்கு விளங்கவில்லை. ஐந்து வருசம் முடிந்து ஊர் திரும்பும்போதுதான் விளங்கியது.

கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறோம். வேலை முடிந்து போகும்போது கொடுக்கும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருசத்துக்கு வருசத்துக்கு 21 நாள் என்பது ஐக்கிய அரபு இராச்சியச் சட்டம், ஆகக் குறைந்தது மூன்று கிழமை என்பது கட்டார் சட்டம். ஆக, இரண்டிலும் ஐந்து வருசத்துக்கு 105 நாள். அடிப்படை 1000 என்றால் 1000 ஐ 30 ஆல் பிரித்து 105 ஆல் பெருக்குங்கள், 3500. அதே 2000 இல் அடிப்படை 1800 ஆக இருந்திருந்தால் 6300. மாசச் சம்பளம் ஒரு சதமும் மாறாமல் 2800 கைவிட்டுப் போனது. ஓவர்டைமும் அடிப்படையை வைத்துத்தான். ஐந்து வருச ஓவர்டைமில் போனதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கணிதம் படிப்பித்தது நாங்கள்தான். வட்டிக் கணக்கு படிப்பித்தோம், சதவீதம் படிப்பித்தோம். ஒரு சம்பளக் கடிதத்தை வாசிக்கப் படிப்பிக்கவில்லை. அந்தப் பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு. கல்விக் கல்லூரியில் எங்களுக்கும் அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ராத்தாமாரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பொதுத் தொழில் சட்டம் இரண்டு நாட்டிலும் பொருந்தாது. அவர்களுக்குத் தனிச் சட்டம். டுபாயா டோஹாவா என்பதைவிட எந்த வீடு என்பதுதான் அவர்களின் வாழ்க்கை. வீட்டுக் கதவுக்குப் பின்னால் எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? "என்ட மகள் டுபாயில" என்று பெருமை பேசும் முன்னர் அவளுடைய போன் அவளுடைய கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்படியானால் உங்கள் தீர்ப்பு என்ன என்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறோம். கையில் தொழில் இல்லாமல், கூலி வேலைக்குத்தான் போகப்போகிறான் என்றால் டோஹா ஒரு படி மேல், காலுக்குக் கீழே 1800 என்ற தரை இருப்பதால். தொழிலும் மொழியும் சான்றிதழும் உள்ளவனுக்கு டுபாய் ஒரு படி மேல், தலைக்கு மேலே இடம் இருப்பதால். பதினாறு வயதில் சாதாரண தரத்தோடு போக நினைக்கும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். அவனுக்கு உயர்தரம், அல்லது தொழிற்பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. மின்சாரமோ, வெல்டிங்கோ, ஏசி வேலையோ. இரண்டு வருசம் பிந்திப் போனால் எந்த ஊருக்கும் தொழிலாளியாக அல்ல, தொழில் தெரிந்தவனாகப் போவான்.

"2022 இல் நாடு கிடந்த கிடையில் ஓடத்தானே வேண்டியிருந்தது" என்பீர்கள். உண்மை. அந்த ஒரு வருசத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. மாசாமாசம் அங்கிருந்து வரும் காசில்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் சப்பாத்து. கண்ணை மூடிக்கொண்டு போகாதே என்றுதான் சொல்கிறோம்.

போகிறவர் கையெழுத்து வைக்கும் முன்னர் இவற்றைக் கேளுங்கள்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு? தனித்தனியாக எழுத்தில் வேண்டும்.

வேலை வாய்ப்புக் கடிதம் நமக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா? ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2016 இலிருந்து அந்தக் கடிதத்தைத் தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும், அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. கேட்டு வாங்குங்கள்.

விசா என்ன விசா? விசிட் விசாவில் போய் வேலை செய்வது இரண்டு நாட்டிலும் குற்றம். பிடிபடுவது ஏஜென்ட் அல்ல, உங்கள் மகன்.

கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? முதலாளி அதைப் பறித்து வைப்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தாயிற்றா? சந்தேகம் இருந்தால் 1989 க்கு அடியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வருசத்தில் எத்தனை பயான் வைக்கிறோம். மாசத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மேசை போடுங்கள். ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள் என்று அறிவியுங்கள். அங்கே பல வருசம் இருந்து திரும்பிய காக்காமார் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் உட்காரட்டும். ஆங்கிலம் வாசிக்க நாங்கள் ஆசிரியர்கள் வருகிறோம், ஒரு சதமும் வேண்டாம்.

அந்தப் பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாப்பாவையும் ஏஜென்சி கொடுத்த கடிதத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். நகையை மீட்க ஏதும் வழி இருந்தால் அன்றைக்கே பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால் அவனோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். வாசித்துப் பார்ப்போம்.