பிரார்த்தனையும் மண்சரிவும்

"கடவுள் இல்லையென்று எழுதுகிறீர்களே, அப்படியானால் இத்தனை கோடி மக்கள் கைகூப்புவது வீண்தானா?" என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இதற்கு ஒரு சிரிப்போடு விடை சொல்லித் தப்பிவிடுவது என் வழக்கம். எழுதப்போனால் பக்கம் போதாது, ஆசிரியபீடமும் விரும்பாது. இங்கே அந்தத் தடைகள் இல்லையாதலால் விரிவாகவே எழுதுகிறேன்.

இக்கேள்விக்குள் இரு கேள்விகள் பிணைந்துள்ளன. பிரார்த்தனை பலிக்கிறதா என்பது ஒன்று. மக்கள் ஏன் பிரார்த்திக்கிறார்கள் என்பது மற்றொன்று. எம்மைப் போன்ற நாத்திகர் பலரும் முதலாவதற்கு விடை கூறியதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகின்றனர். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

முதலாவதை விரைவாகவே பார்த்துவிடலாம். 1872இல் பிரான்சிஸ் கால்ற்றன் என்ற ஆங்கில அறிஞர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். இங்கிலாந்தின் தேவாலயங்களில் வாரந்தோறும் அரச குடும்பத்தாரின் நீண்ட ஆயுளுக்காக மன்றாடுகிறார்கள். ஆகவே, வசதிபடைத்த ஏனைய வகுப்பாரைவிட அவர்கள் அதிக காலம் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்கோ நேர்மாறாக இருந்தது: அவர்களே குறைந்த ஆயுளுடையோர். இது அரைக் கேலி என்று ஒதுக்குவோருக்கு, 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றுண்டு. ஹேர்பர்ட் பென்சன் என்ற மருத்துவப் பேராசிரியரின் தலைமையில், இருதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1802 நோயாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். தமக்காக எவரேனும் பிரார்த்திக்கிறார்களா என்பதை முதலிரு குழுவினரும் அறியார். பிரார்த்திக்கப்பட்ட குழுவில் 52 வீதத்தினருக்கும், பிரார்த்திக்கப்படாத குழுவில் 51 வீதத்தினருக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் ஏற்பட்டன. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் அது 59 வீதம். நாத்திகர் செய்த ஆய்வு என்று இதைத் தள்ளவும் முடியாது. சமயத்தின்பால் பரிவுகொண்ட ரெம்பிள்ரன் அறக்கட்டளையே இதற்கு நிதியளித்தது.

எமது நாட்டில் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையின் வாயிலில் குண்டு லொறி வெடித்து வழிபட வந்தோர் இறந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இவர்கள் அனைவரும் வழிபாட்டுத் தலத்திலோ அதன் வாயிலிலோ, பலர் வழிபடும் வேளையிலேயே உயிரிழந்தவர்கள். கொன்றவர்கள் மனிதர்கள், கடவுளை ஏன் இழுக்கிறீர் என்பார்கள். நான் இழுக்கவில்லை. காப்பாற்றும்படி கேட்டவர்கள் காப்பாற்றப்படவில்லை என்ற செய்தியை மட்டுமே பதிவுசெய்கிறேன்.

அப்படியானால் பலித்தது என்று சாட்சி சொல்லும் இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள்? கண்டியில் இதை அறிவது எளிது. தலதா மாளிகைக்கு எதிரே சில அடி தூரத்தில் பத்தினி தேவாலயம் இருக்கிறது. நமது கண்ணகிதான் அங்கே பத்தினித் தெய்வம். பிள்ளைக்கு அம்மை கண்டால் தாய்மார் அங்கே நேர்த்தி வைப்பார்கள். பிள்ளை சுகமானதும் காணிக்கையோடு திரும்பி வருவார்கள். பிள்ளை சுகப்படாத தாய் திரும்பி வருவதில்லை. ஆகவே அந்த முற்றத்தில் நாம் காண்பதெல்லாம் பலித்த நேர்த்திகளே. கிரேக்க நாத்திகர் டயகோரஸ் பற்றி ஒரு கதையுண்டு. கடற்புயலில் நேர்ந்துகொண்டு உயிர் தப்பியவர்கள் கோயிலில் மாட்டிய படங்களை நண்பரொருவர் அவருக்குக் காட்டினாராம். நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டாராம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை.

எசல பெரஹராவும் இவ்வாறே. பெரஹரா முடிந்து கெட்டம்பேயில் மகாவலி நீரை வெட்டும் சடங்கு நடந்ததும் மழை பெய்யும் என்பது கண்டி மக்களின் நம்பிக்கை. பெய்யத்தான் செய்கிறது. அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மீது வீசிக்கொண்டிருக்கிறது. கண்டியில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மழை உண்டு. எந்த வாரத்தில் கேட்டாலும் சில நாட்களுக்குள் கிடைக்கக்கூடிய ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

இலங்கையில் பகுத்தறிவு இயக்கத்தை வளர்த்த ஆபிரகாம் கோவூர், தெய்வீக ஆற்றலை மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வென்றிலர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த கேரளத்துக்காரர் அவர். அவருடைய துணிவு மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் பந்தயம் வென்ற பிறகும் கோயில் முற்றத்தில் கூட்டம் குறையவில்லையே, ஏன்? இரண்டாவது கேள்வி இங்குதான் தொடங்குகிறது.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பசிபிக் பெருங்கடலின் ற்ரோபிரியண்ட் தீவுகளில் முதலாம் உலகப்போர்க் காலத்தில் வாழ்ந்து ஆராய்ந்தவர். அமைதியான உட்கடலில் மீன்பிடிப்போர் மந்திரம் எதையும் நாடுவதில்லை, ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் பெருகுகின்றன என்று அவர் கண்டார். தம் கைத்திறன் எட்டும் இடம்வரை மனிதர் திறமையை நம்புகின்றனர். எட்டாத இடத்தில் தெய்வத்தை அழைக்கின்றனர். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மலைநாட்டைச் சுற்றிப் பாருங்கள்.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழிநெடுக மடிந்தார்கள். மருத்துவர் இல்லை, நிழல் இல்லை, செத்தவனைப் புதைக்க நேரமும் இல்லை. மாரியம்மனைத் தவிர அவர்களுக்கு வேறு எந்த வைத்தியசாலை இருந்தது? அவளைக் கும்பிட்டதால் பெரியம்மை அடங்கவில்லை. தடுப்பூசியால் அடங்கியது, 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததென்று அறிவித்தது. ஆனால் அந்தக் காட்டுவழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணிடம் போய், உன் மன்றாட்டு விஞ்ஞானத்துக்கு முரணானது என்று சொல்ல எனக்கு நா எழாது. அவளைத் தனியே விட்டவர்கள் கடவுளர் அல்லர். தோட்டத் துரைமாரும் அவர்களைக் காத்த அரசாங்கமும்தான்.

இன்றைக்கும் பரீட்சைக் காலம் வந்தால் பிள்ளைகள் பேனைகளைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று பூசையில் வைத்து வாங்கிவருகின்றனர். கண்டி நகரின் பெரிய பாடசாலை மாணவரும் செய்கின்றனர், தோட்டப் பாடசாலை மாணவரும் செய்கின்றனர். நகரத்துப் பிள்ளைக்கு அது ஒரு பழக்கம். பாடசாலையில் ஆசிரியர் உண்டு, மாலையில் தனியார் வகுப்பும் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் நிலைக்காத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கோ, பூசையில் வைத்த அந்தப் பேனைதான் தயாரிப்பின் பெரும்பகுதி. அவனுடைய பக்தியைக் கேலி செய்வது எளிது. கல்வித் திணைக்களத்தை நோக்கிக் கேள்வி கேட்பது கடினம். நாத்திகர்களாகிய நாம் பல வேளைகளில் எளிதானதையே தெரிந்தெடுக்கிறோம்.

பிரார்த்தனை மனிதருக்கு ஒன்றுமே செய்வதில்லை என்றும் நான் கூறமாட்டேன். மனம் அடங்குகிறது, துயரத்துக்கு ஒரு சொல் கிடைக்கிறது, பக்கத்தில் நிற்பவளும் அழுகிறாள் என்று தெரிகிறது. வைத்தியசாலை வளவிலுள்ள வெள்ளரசுக்கு நீரூற்றிவிட்டு வருபவரின் முகத்தில் சற்றுத் தெளிவு தெரிவதை மறுக்க முடியாது. அது மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் உதவி. அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறொருவரோடு. செயலாற்றும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரார்த்திப்பவரோடு.

2020 நவம்பரில் கொரோனா பரவிக்கொண்டிருக்கையில், அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க்குடத்தைக் களுத்துறையில் ஆற்றில் விட்டார். டிசம்பரில், காளி அருளியதாகச் சொல்லப்பட்ட பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றனர். அமைச்சரும் அதனைப் பகிரங்கமாகப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அவர் நலமடைந்தது நல்லதே. ஆனால் அந்தப் பாணி வரிசையில் நின்றவர்களுக்கு, இது போதும் என்ற எண்ணத்தை ஊட்டியது யார்? ஏழைத் தாய் குடம் எடுத்தால் அது அவளுடைய கடைசி வழி. அமைச்சர் எடுத்தால், முதல் வழியைக் கைவிட்டதற்கான ஒப்புதல்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியாபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலேயே அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். குடியிருந்தவர்களுக்குப் போக நிலம் கொடுக்கப்படவில்லை. மண் மூடிய பிறகு எல்லாச் சமயங்களின் தலைவர்களும் பிரார்த்தித்தார்கள். பிரார்த்தனைக்கு முன்னே ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களில் கண்டியே அதிகம் இழந்தது. இம்முறை மண்சரிவு எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. ஆனால் அவை உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலையடிவாரத்தில் மழையிரவில் தமிழில் மன்றாடிக்கொண்டிருந்தவர்களுக்கு, எழுந்து ஓடு என்று தமிழில் சொல்ல ஓர் அரசாங்கத்தால் இயலாமற் போயிருந்தால், அந்த மன்றாட்டைக் கேட்கவேண்டியவர் யார்? வானத்தில் எவரும் இல்லை என்பது என் துணிபு. ஆனால் கொழும்பிலும் கண்டிக் கச்சேரியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் பெறுகிறார்கள். அவர்களிடம் கேட்கலாம்.

ஆகவே நண்பருக்கு என் விடை இதுதான்: வீண்தான், ஆனால் குற்றம் கைகூப்பியவருடையதன்று. ஓரிடத்தில் மன்றாட்டு மிகுந்திருக்கக் கண்டால், அங்கே எந்த வைத்தியர் இல்லை, எந்த ஆசிரியர் இல்லை, எந்த நிலம் மறுக்கப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பதே பத்திரிகையாளனின் வேலை. நாத்திகனின் வேலையும் அதுவே. பல்லாயிரம் குடும்பங்கள் இன்னமும் லயன் அறைகளில், சரிவுகளின் அடியில் வாழ்கின்றன. அடுத்த பருவமழை வரும். அவர்கள் நேர்த்தி வைக்கட்டும், நான் தடுக்கவில்லை. அதற்குள் அவர்களுக்கு உறுதியான நிலத்தில் ஒரு வீடும், அவர்களுடைய மொழியில் ஓர் எச்சரிக்கையும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது மாரியம்மனிடம் அன்று.