ஊர் கெட்டுப் போச்சாம்!

டிஸ்கி: எந்த மதத்துக்கும் கொடி பிடிக்கிற பதிவு இல்லை. ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க முழுசா படிச்சிட்டு அனுப்பவும் :-)

"இந்தக் காலத்துல சாமி, நோன்பு, ஜெபம்னு ஒழுங்கா இருக்க முடியுதா சார்? எங்க பார்த்தாலும் குடி, கூத்து. ஊரே கெட்டுப் போச்சு." இந்தப் புலம்பலை எல்லா மதத்துக்காரங்ககிட்டயும் கேட்டாச்சு. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊர் கெட்டதால உங்க விரதம் எப்படிங்க கெட்டுது? யாராவது கையைக் காலைக் கட்டி வாயில ஊத்தினாங்களா?

ஹாஷிம் அம்லாவை எடுத்துக்குவோம். 2004ல தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்குள்ள வந்தார். அணியோட ஸ்பான்சர் காஸில்ங்கிற பீர். மார்க்கம் விலக்கின ஒரு பொருளுக்கு என் சட்டையில விளம்பரம் வேண்டாம்னு சொன்னார், போர்டும் ஒத்துக்கிச்சு. அவர் சட்டை மட்டும் அந்த முத்திரை இல்லாம இருந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது, "அணியே பீர் காசை வாங்கக்கூடாது"ன்னு அவர் போராட்டம் பண்ணல. பக்கத்துல நிக்கிறவன் சட்டையில கை வைக்கவே இல்ல.

சும்மா விட்டாங்களா? 2006ல கொழும்பு டெஸ்ட்ல அம்லா ஒரு கேட்ச் பிடிச்சப்போ, மைக் ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு டீன் ஜோன்ஸ் அவரை 'தீவிரவாதி'ன்னார். வர்ணனையாளர் வேலை போச்சு. அம்லா தாடியை எடுக்கல, ரன் அடிக்கறதையும் நிறுத்தல. 2012ல ஓவல்ல அவுட்டாகாம 311. தென்னாப்பிரிக்காக்காரர் ஒருத்தர் டெஸ்ட்ல அடிச்ச முதல் முச்சதம். ரமலான் மாசம் வேற. நோன்பு வச்சுக்கிட்டே அடிச்சார்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க. பயணத்துல இருக்கேன், ஊருக்குப் போய் பிடிச்சுக்குவேன்னு அவரே சொல்லியிருக்கார். பயணத்துல விட்ட நோன்பை அப்புறம் களாவா பிடிக்க மார்க்கத்துலயே வழி இருக்கு. வீம்பு வேற, பற்று வேற.

2019 உலகக்கோப்பையை இங்கிலாந்து ஜெயிச்சப்போ லார்ட்ஸ்ல சாம்பெய்ன் பாட்டிலைத் திறந்ததும் மொயின் அலியும் ஆதில் ரஷீதும் சட்டுனு விலகி ஓடினாங்க. "திறக்காதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. 2022 ஜனவரில ஹோபார்ட்ல ஆஷஸ் கொண்டாட்டம். உஸ்மான் கவாஜா ஓரமா நிக்கிறதைப் பார்த்துட்டு பாட்டிலை எல்லாம் கீழ வைக்கச் சொல்லி அவரை மேடைக்குக் கூப்பிட்டார் கேப்டன் பாட் கம்மின்ஸ். நீங்க 'கெட்டுப் போச்சு'ன்னு சொல்ற சமூகத்துல நடந்ததுதாங்க இது.

அடுத்து எரிக் லிட்டல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயித்துக்கிழமை. கர்த்தருடைய நாள்ல ஓட மாட்டேன்னுட்டார். அவரை நெருக்கினது குடியும் கூத்தும் இல்ல, தேசப்பற்று. 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துல கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியற மாதிரி காட்டுவாங்க. நிஜத்துல பல மாசம் முன்னாடியே தெரியும். 100 மீட்டர் தங்கம் சக பிரிட்டிஷ்காரர் ஹரோல்ட் ஆப்ரஹாம்ஸுக்குப் போச்சு. லிட்டல் 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில தங்கம் வாங்கினார்.

இந்தக் கதையைப் பிரசங்கத்துல சொல்றவங்க எல்லாரும் அந்தத் தங்கத்துல கொண்டு போய் முடிப்பாங்க, பார்த்தீங்களா கர்த்தர் கொடுத்தார்னு. எனக்கு எரிச்சலா வரும். 400 மீட்டர்ல அவர் கடைசியா வந்திருந்தா? ஞாயித்துக்கிழமை ஓடாதது தப்பாயிடுமா? முடியாதுன்னு சொன்னப்போ கையில எந்தப் பதக்கமும் இல்லையே. பதக்கம் வரும்னு தெரிஞ்சு பண்ணினா அதுக்குப் பேரு முதலீடு.

இதுக்கு நேரெதிர் கேஸ் கிம் டேவிஸ். அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம், ரோவன் கவுன்டில அப்போ திருமண உரிமம் கொடுக்கிற அதிகாரியா இருந்தவங்க. 2015ல ஒரே பால் திருமணம் செல்லும்னு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் யாருக்குமே உரிமம் கிடையாதுன்னு கவுன்ட்டரை மூடிட்டாங்க. கீழே வேலை பார்க்கிறவங்களையும் கொடுக்க விடல. கோர்ட் அவமதிப்புல அஞ்சு நாள் ஜெயில். "ஜெயிலுக்கே போனாங்களே, அது பற்று இல்லையா?"ன்னு கேப்பீங்க. போனாங்க, சரி. ஆனா அதுக்கு முன்னாடி வரிசையில நின்னவன் எல்லாம் வெறுங்கையோட திரும்பினானே? மனசாட்சி உறுத்துதுன்னு ராஜினாமா பண்ணியிருந்தா நானே எழுந்து நின்னு கும்பிட்டிருப்பேன்.

எல்லா இடத்துலயும் இவ்வளவு சுலபம்னு சொல்ல வரல. பிரான்ஸ்ல 2004 சட்டப்படி அரசுப் பள்ளிக்கூடத்துக்குள்ள முக்காடும் கூடாது, சீக்கியத் தலைப்பாகையும் கூடாது. தன் தலையில தான் கட்டிக்கிறதுக்குத் தடை. அந்தப் பிள்ளைங்க புலம்பினா நியாயம், நான் அவங்க பக்கம்தான். நம்மாளுங்க புலம்பல்ல பாதி அப்படி இல்லையே. அடுத்தவன் ஏன் குடிக்கிறான், பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏன் அந்த டிரஸ் போடுதுங்கிறதுதானே கவலை?

கடைசியா நம்ம முற்போக்கு நண்பர்களுக்கும் ரெண்டு வார்த்தை. நான் உங்க கட்சிதான், கோயில் குளம்னு போற ஆள் இல்ல. ஆனா ஆபீஸ் பார்ட்டில மாலை போட்ட மனுஷன் ஜூஸோட உக்காந்திருந்தா, "ஒரு வாய் குடிச்சா ஐயப்பன் கோச்சுக்குவாரா?"ன்னு சுத்தி நின்னு கலாய்க்கிறீங்களே, அது எந்த ஊர் பகுத்தறிவு? பெரியார் கேள்வி கேக்கச் சொன்னார், வேண்டாம்னவன் வாய்கிட்ட கிளாஸை நீட்டச் சொல்லல. அவர் 41 நாள் முடிச்சிட்டு வரட்டும், கடவுள் இருக்காரா இல்லையான்னு விடிய விடிய சண்டை போடுங்க, நானும் வரேன். இப்போதைக்கு கிளாஸைக் கீழ வைங்க சார்.