அறுவை முடிந்தது, பொறுப்பு முடிந்ததா?

எங்கள் வீட்டுப் பெண் பூனைக்குட்டிக்கு ஆறு மாதமானபோது கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதன்பின் குட்டியைக் கண்காணித்த இரண்டு வாரங்கள்தான் பெரும்பாடாக இருந்தன.

மருத்துவர் கூறிய அறிவுரைகள் எளியவை. மயக்கம் முழுவதும் தெளியும்வரை கதகதப்பான, உயரமில்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் காயத்தைப் பார்க்க வேண்டும். லேசான சிவப்பும் சிறு வீக்கமும் இயல்பானவை. சீழ், துர்நாற்றம், தையல் விலகல், ஈறு வெளிறுதல், ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வலிக்கிறதே என்று நாம் உட்கொள்ளும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது உயிர்க்கொல்லி. 10 முதல் 14 நாள்கள் வரை தாவவும் காயத்தை நக்கவும் விடக் கூடாது.

நான்காம் நாள் இரவில், கழுத்தில் மாட்டியிருந்த கூம்பைக் கழற்றிவிட்டுக் குட்டி தையலைக் கடித்துவிட்டது. காலையில் காயத்தின் ஒரு முனை திறந்திருப்பதைக் கண்டு மருத்துவரிடம் ஓடினோம். மறுதையலும் நோய்த்தொற்றுக்கான மருந்தும் அதைக் காப்பாற்றின. பார்ப்பதற்கு ஆள் இருந்ததால் அது பிழைத்தது.

அன்று முதல், தெருநாய்கள் குறித்த விவாதத்தை வேறு கண்ணோடு பார்க்கிறேன். 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லி தலைநகர்ப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் பாதித்தவை, மூர்க்கமானவை தவிர்த்த ஏனைய நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. பிடிப்பதா, விடுவதா, எங்கே விடுவது என்றே விவாதம் சுழன்றது. அறுத்த காயம் ஆறியதா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி அளவில் கண்காணிப்புக் குழுவுக்கு அவை வழிசெய்கின்றன. அகற்றப்பட்ட உறுப்புகளை எண்ணிக் கணக்கைச் சரிபார்க்கும் நடைமுறையும் உள்ளது. முறைகேட்டைத் தடுக்க அது தேவையே. ஆனால், உறுப்புகளை எண்ணும் நாம் ஆறிய காயங்களை எண்ணுவதில்லை. அறுவை ஒன்றுக்கு இவ்வளவு தொகை என்று ஒப்பந்தம் போடப்படும் இடத்தில், விரைவாகக் கூண்டைக் காலி செய்வதே ஆதாயமாகிவிடுகிறது.

நாய்க்கடிக்கு உள்ளாகும் குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நாயின் தையலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். குழந்தைகளின் பாதுகாப்புக்காகவே இதைச் சொல்கிறேன். தடுப்பூசி பெற்ற நாய் நோய்த்தொற்றால் இறந்தால், அந்தத் தெரு ஒரு பாதுகாப்பு அரணை இழக்கிறது. புண்ணோடு திரும்பிய நாயைப் பார்க்கும் தெருவாசிகள் அடுத்த முறை நாய்பிடி வண்டியைக் கண்டால் நாய்களை மறைத்துவிடுவார்கள். அதன்பின் கருத்தடை விகிதம் எப்படி உயரும்?

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. கூண்டின் இடநெருக்கடிக்காக அல்லாமல், மருத்துவர் காயத்தைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே நாயை விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் நாளில் காயத்தின் புகைப்படம் பதிவேட்டில் சேர வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை அதன்பிறகே வழங்க வேண்டும். தெருவில் உணவளிப்போருக்கு ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும், அழைத்தால் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

எங்கள் குட்டியின் வயிற்றில் இப்போது மெல்லிய கோடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. தெருவில் விடப்படும் உயிரின் வயிற்றையும் யாரேனும் ஒருவர் குனிந்து பார்த்தாக வேண்டும். அந்த வேலையை யாருடையது என்று எழுதிவைக்காதவரை, அது யாருடைய வேலையும் ஆகாது.